மீன் வண்டி வயரிங்: எர்த்தைப் பார்க்காமல் பல்பை மாற்றாதீர்கள்

பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் வரவில்லை, ஓரத்தில் இண்டிகேட்டர் மட்டும் மங்கலாகச் சிவக்கிறது. இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கிறது. பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி என்று இந்தக் கரையோரம் மீன் ஏற்றி ஓடும் பழைய பிக்அப்களில் இது அன்றாடக் காட்சி. முதலில் பல்பை மாற்றுவார்கள். அடுத்து ஹோல்டர், அதற்கடுத்து சுவிட்ச். கடைசியில் வயரிங் செட்டே போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். கோளாறோ டெயில் லைட்டுக்குப் பின்னால், சேசிஸில் முறுக்கிய ஒரே ஒரு எர்த் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும்.

பல்புக்குள் போன கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். எர்த் என்பது இந்தத் திரும்பும் வழிதான். அது துருவால் அடைபட்டால், பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறு பாதையில் திரும்பப் பார்க்கும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிவதற்குக் காரணம் இதுதான். இப்படி இரண்டு விளக்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சேர்ந்து ஆடினால், ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேராக எர்த்துக்குப் போகலாம்.

இந்தக் கரையில் மட்டும் ஏன் இவ்வளவு

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, உலோகம் அரிப்பதைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் மண்டபம். அந்த அளவுக்கு உப்புக் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் பக்கமும், வாடை வீசும் மாதங்களில் வடகடல் பக்கமும் மாறி மாறி வண்டி மேல் உப்பு படிகிறது. மீன் வண்டிக்கு மேலிருந்தும் ஒரு பங்கு உண்டு. ஐஸ் உருகி, மீன் நீரும் உப்பும் கலந்து, பெட்டியிலிருந்து வழிந்து, பின்பக்கத்தில் வயர்களை இணைக்கும் கப்ளர்கள் மேலேயே சொட்டுகிறது.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கரையும். அதனால்தான் விடிகாலை ஏலத்துக்கு நிற்கும்போது எரியாத லைட், பதினொரு மணிக்குப் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக எரிகிறது. வெயிலில் உப்பு காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். பட்டறையில் கோளாறு பிடிபடவில்லை என்றால், உப்புக் கலந்த தண்ணீரைச் சின்ன ஸ்ப்ரே புட்டியில் ஊற்றி, சந்தேகப்படும் கப்ளர் மேல் அடித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்துவிடுங்கள்.

மீட்டர் பொய் சொல்லும் இடம்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், கம்பி பிரஷ், உப்புத்தாள், 10 மற்றும் 12 எண் ஸ்பானர். முக்கால்வாசி வேலைக்கு இவை போதும்.

டெஸ்ட் லேம்பைக் கடையில் வாங்க வேண்டாம். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, அதற்கு ஒரு ஹோல்டர், மூன்று மீட்டர் வயர் இரண்டு, முனையில் முதலைக் கிளிப்பு. கடையில் கிடைக்கும் பேனா மாதிரியான டெஸ்டரில் இருப்பது துளியூண்டு பல்பு. இந்த 21 வாட் பல்போ சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ஒரு வயரில் இருபது இழை இருந்து பத்தொன்பது இழை பச்சை பூத்து அற்றுப் போயிருந்தாலும் மல்டிமீட்டர் 12.5 வோல்ட் என்றே காட்டும். மீட்டர் கரண்டே இழுப்பதில்லை, ஒற்றை இழை அதற்குப் போதும். அதே இடத்தில் 21 வாட் பல்பை மாட்டினால் மங்கிப்போகும், இல்லை எரியவே எரியாது. வோல்ட் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. சுமை ஏற்றிய பிறகும் வோல்ட் நிற்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி.

வயரின் உறையில் ஊசி குத்திப் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்தத் துளை வழியாக உப்பு உள்ளே போய், சில மாதங்களில் அதே இடத்தில் வயர் அறுந்துவிடும். கப்ளரின் பின்பக்கமாக, வயர் நுழையும் சந்தில் மெல்லிய ஊக்கைச் செருகி அளந்தால் உறை காயப்படாது.

பேட்டரி அளவு முதலில்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. குறைந்த பேட்டரியில் எடுத்த எந்த அளவையும் நம்ப முடியாது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்கவேண்டும். 15-ஐத் தாண்டினால் டைனமோவின் ரெகுலேட்டர் போயிருக்கிறது. பல்பு மாதம் ஒன்றாகப் போகிற வண்டிகளில் இதையும் பார்த்துவிடுங்கள்.

டெர்மினலில் வெள்ளையோ நீலமோ பூத்திருந்தால் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் பொங்கிக் கரைந்துவிடும். மூடித் துளைக்குள் மட்டும் போகக்கூடாது. கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு கிளாம்பை இறுக்கி, மேலே வாசலின். இறுக்கிய பிறகுதான் பூசவேண்டும்.

எர்த்தை அளப்பது

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள், கிளாம்பில் இல்லை, நடுவிலிருக்கும் ஈயக் கம்பத்தில். பின்பக்கம் வரை எட்டுவதற்கு ஆறேழு மீட்டர் வயர் ஒன்றை நீட்டிக்கொள்ளலாம். சிவப்பு முனையை டெயில் லைட் ஹோல்டரின் எர்த் தகட்டில் வையுங்கள். இப்போது ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு, இண்டிகேட்டரும் டெயில் லைட்டும் போட்டபடி இருக்கவேண்டும். விளக்கு எரியாமல் அளந்தால் இந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.2 வரை ஓட்டலாம். 0.5, 1, 2 என்று ஏறினால் அத்தனை வோல்ட்டையும் துரு தின்கிறது. சிவப்பு முனையைப் படிப்படியாக முன்னே நகர்த்துங்கள்: ஹோல்டர், எர்த் வயர் முனையில் நெருக்கிய உலோகத் துண்டான லக், லக்கை இறுக்கிய போல்ட், பக்கத்துச் சேசிஸின் சுத்தமான இரும்பு, கேபின், பேட்டரி எர்த் கேபிளின் மறுமுனை. எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளவு படாரென்று விழுகிறதோ, அந்த இடம்தான். உதாரணமாக லக்கில் 1.8, அதே போல்ட்டின் தலையில் 0.1 என்றால், லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத துருப்படலம் இருக்கிறது. வெளியே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும்.

டெயில் லைட் எரிகிறதே, எர்த் நன்றாகத்தானே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. டெயில் லைட் இழை 5 வாட், இழுப்பது 0.4 ஆம்பியர். எர்த்தில் அரை ஓம் தடை இருந்தால் அதற்கு நட்டம் 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. பிரேக் இழை 21 வாட். இரண்டு பக்கத்துப் பிரேக் இழைகளும் ஒரே எர்த்தில் சேர்ந்தால் மூன்றரை ஆம்பியரைத் தொடும். அதே அரை ஓம் இப்போது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். சின்ன விளக்கு எரிவதை எர்த்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரிசெய்யும்போது போல்ட்டை முழுசாகக் கழற்றுங்கள். லக்கின் இரண்டு முகம், சேசிஸில் அது உட்காரும் இடம், வாஷர் எல்லாவற்றையும் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பெயின்ட் மேல் எர்த் உட்காராது. பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மறுபடி அளந்து, 0.1-க்குள் வந்த பிறகு கிரீஸ் பூசுங்கள். சேசிஸ் இரும்பே பொரிந்து உதிர்கிற வண்டியில் அந்த இடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பின்விளக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று இழுத்துவிடுங்கள். கரையில் ஓடும் பழைய வண்டிக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை எர்த் இருக்கும். அது அறுந்தால் செல்ஃபின் பெரிய கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்தவுடன் அந்தக் கேபிளைத் தொட்டால் சுடும். கேபிள் அடிக்கடி இறுகிப் போகிற வண்டியில் இதைப் பாருங்கள். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறினாலும் ரேடியேட்டரைத் திறக்காதீர்கள். டாஷ்போர்டின் எர்த்தோ இன்ஜினின் எர்த்தோ பலவீனமாக இருக்கிறது.

ஃபியூஸ் போட்டதும் போகிறது

ஃபியூஸ் இடத்தில் கம்பியைச் சுற்றுவதும், 10 போட வேண்டிய இடத்தில் 30 போடுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை. பிளேடு ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லும்: பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். எந்த இடத்துக்கு எது என்பதைப் பெட்டி மூடியின் உள்பக்கம் பாருங்கள்.

ஷார்ட்டைத் தேட ஒரு பெட்டி ஃபியூஸை எரிக்கத் தேவையில்லை. போன ஃபியூஸைக் கழற்றி, அந்த இரண்டு காலிலும் நமது 21 வாட் பல்பை மாட்டுங்கள். அந்தச் சர்க்யூட்டின் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் டெஸ்ட் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். வயர் ஒன்றும் ஆகாது, பல்பே கரண்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். இனி பல்பைப் பார்த்தபடியே வயரிங்கை ஒவ்வொரு இடமாக அசைத்து, கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போங்கள். பல்பு அணைந்த இடத்தில் வேலை. முதலில் பார்க்க வேண்டியவை, லோடு பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே நசுங்கும் இடம், பின்கதவுக் கீல் பக்கம், சைலன்சரை ஒட்டிப் போகும் பகுதி, கேபின் தகட்டில் வயர் நுழையும் ஓட்டையின் ரப்பர். நின்றிருந்த வண்டி என்றால் எலி.

ஹெட்லைட் மங்கல்

ஹெச்4 பல்பு 60/55 வாட். ஹைபீமில் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர். பல பழைய வண்டிகளில் இது முழுக்க ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகவே போகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், பல்பின் காலில் 12 என்றால் வழியில் 2 வோல்ட் காணாமல் போகிறது. 10 ஆம்பியரில் அது 20 வாட் சூடு. கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னைச் சுவிட்சுக்குள் வைத்த மாதிரி. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடப்பது தெரியாமல் போவது இப்படித்தான்.

இதற்குப் பலரும் செய்வது 100/90 வாட் பல்பு போடுவது. உருகப்போகிற சுவிட்சுக்கு இன்னும் சுமை. ரிலே போடுவதே சரியான வழி. சின்னக் கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. ரிலேயின் 30-ஆம் எண் காலுக்கு பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 வயர், 87-லிருந்து பல்புக்கு, 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த். ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

ரிலே டிக்கென்று அடித்தால் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. சத்தம் காயிலுடையது, உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கலாம். விளக்கு எரியும்போது 30-க்கும் 87-க்கும் நடுவே அளந்து 0.2-க்கு மேல் வந்தால் ரிலேயை மாற்றுங்கள்.

ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர்

ஹாரன் தானாக அடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டியரிங்கின் பட்டன் வயர் எர்த்தில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். ரிலேயைப் பிடுங்கினால் எது என்று தெரிந்துவிடும். கரகரவென்று மெலிந்து கத்தினால் ஹாரனின் எர்த்தும் வோல்ட்டும் பார்த்துவிட்டுத்தான் பின்பக்க ஸ்குருவைத் தொடவேண்டும்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. எல்.இ.டி. பல்புக்கு மாற்றினாலும் கண்ணடிக்க வைக்கும் பழைய ஃப்ளாஷர் அப்படித்தான் அடிக்கும். அதற்கேற்ற ஃப்ளாஷர் போடவேண்டும்.

வைப்பர் மெதுவாகப் போகிறதென்றால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் கைகளை இணைக்கும் கம்பியை மோட்டாரிலிருந்து கழற்றுங்கள். மோட்டார் தனியாக விறுவிறுவென்று சுற்றினால் உப்பேறி இறுகிய மூட்டுகள்தான் காரணம், கிரீஸ் வேலை. தனியாகவும் மெதுவாகச் சுற்றினால் மோட்டார் பாடியில் எர்த்தை அளங்கள். ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்த மோட்டாருக்குத் தனி எர்த் வயர் இருக்கும், அது அடிக்கடி அறும். சுவிட்சை அணைத்ததும் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றால், மோட்டாரின் பல்சக்கர மூடிக்குள் இருக்கும் பார்க் கான்டாக்ட்டைச் சுத்தம் செய்யவேண்டும். எந்தச் சோதனையும் நனைந்த கண்ணாடியில்தான்.

நிற்கிற வண்டியில் பேட்டரி இறங்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வண்டி பாதி நாள் வாசலில் நிற்கும். பழுதில்லாத வண்டியும் சில மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலே 61 நாளில் 44 ஆம்பியர் மணி போய்விடும், 60 ஆம்பியர் மணி பேட்டரியில் முக்கால் பங்கு காலி. ஆகவே நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டே நாளில் இறங்குகிறது என்றால்தான் கோளாறு. எல்லாவற்றையும் அணைத்து, கேபின் விளக்கு பல்பையும் எடுத்துவிட்டு, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே முதலில் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு, மீட்டரை மாட்டினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எரியவில்லை என்றால் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி அதே இடத்தில் மாட்டுங்கள். சாவியைத் திருப்பாதீர்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதிகம் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அளவு விழும் ஃபியூஸைப் பிடியுங்கள். பாட்டு செட், மொபைல் சார்ஜர், ஜி.பி.எஸ். என்று பிறகு மாட்டியவைதான் பெரும்பாலும் மாட்டும். எல்லா ஃபியூஸையும் எடுத்த பின்னும் விழவில்லையா? டைனமோவின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள் (பேட்டரியைத் துண்டித்துவிட்டுத்தான், முனையில் டேப் சுற்றித்தான்). விழுந்தால் உள்ளே டயோடு கசிகிறது.

பேட்டரியின் மேல்முகத்தையும் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனை நெகட்டிவில், சிவப்பு முனை வெறும் பிளாஸ்டிக் மேல். வோல்ட் காட்டினால் ஆசிட் ஈரமும் உப்பும் சேர்ந்து கரண்ட்டைக் கடத்துகின்றன. ஆப்ப சோடாத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

பச்சை வயர்

வெட்டிய வயரின் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அதில் எந்த இணைப்பும் நிற்காது. ஈயம் பிடிக்காது, லக் கவ்வாது. உறைக்குள் ஈரம் மேலே ஏறியிருக்கும். விரல் விரலாக வெட்டிக்கொண்டே போங்கள், செம்பு ரோஜா நிறத்தில் மின்னும்வரை. சில நேரம் அரை மீட்டர் போகும். புது வயரை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஆறு மாத வேலைதான். வெயிலில் டேப்பின் பசை உருகி, மடிப்புக்குள் உப்புத் தண்ணீர் தங்கும். லக் போட்டு நெருக்கி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஏற்றிச் சூடாக்குங்கள். இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வளையமாகத் தெரியவேண்டும். ஆசிட் ஃப்ளக்ஸ் வைத்து ஈயம் வைக்காதீர்கள். வினிகர் வாசம் அடிக்கும் சிலிகானையும் கப்ளரில் திணிக்காதீர்கள், அது உலரும்போது விடும் அமிலமே செம்பை அரிக்கும்.

டெயில் லைட்டின் கீழே இருக்கும் சின்ன ஓட்டையை யாரும் அடைக்கக் கூடாது, உள்ளே புகுந்த நீர் வெளியேற அதுதான் வழி. கப்ளருக்குள் நுழையும் முன் வயருக்குக் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால், வழிகிற மீன் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். லோடு இறக்கிய பிறகு பின்பக்கம் நல்ல தண்ணீர் ஒரு வாளி. வேகமான பம்ப் தண்ணீரைக் கப்ளரை நோக்கிப் பிடிக்காமல், சும்மா ஊற்றினால் போதும்.

வேலை முடிந்த அன்று பகலில் எடுத்த அளவோடு வண்டியை விட்டுவிடாதீர்கள். மறுநாள் விடிகாலை, ஐஸ் பெட்டி ஏற்றிய பிறகு, பிரேக்கை மிதித்தபடி அதே ஹோல்டரில் எர்த்தை இன்னொரு தடவை அளங்கள். பகலில் காட்டிய 0.1 அப்படியே நிற்கவேண்டும். ஏறியிருந்தால் உப்பு படிந்த இன்னொரு இணைப்பு அதே வழியில் மிச்சம் இருக்கிறது.